பிலிம் எண்டால் பில்டர் இல்லை

யாழ்ப்பாணத்தில் புதிதாகத் திறந்த ஒரு கபே. பெயர் வேண்டாம். சுவரில் ஒரு மரத்தட்டு. அதில் பழைய தட்டச்சு இயந்திரம், விரலால் சுத்துகிற ரெலிபோன், பக்கத்தில் ஐந்து பிலிம் கமராக்கள். போன மாதம் நண்பர்களோடு போயிருந்தபோது அதில் ஒன்றை எடுத்து லீவரை இழுத்துப் பார்த்தேன். இழுபட்டது. பட்டனை அமத்தினேன். ஷட்டர் அடித்தது. உள்ளே றோல் போட்டால் நாளைக்கே படம் எடுக்கலாம். அதுக்குள்ள கடையில் வேலை செய்யிற தம்பி ஓடி வந்திட்டான். "அக்கா, தொடாதேங்கோ. அது சும்மா ஷோவுக்கு."

சரியெண்டு வைத்துவிட்டு வந்து இருந்தால், எங்கள் மேசையில் ஒருத்தி போனில் எடுத்த படத்துக்கு 'பழைய பிலிம்' பில்டர் போட்டுக்கொண்டிருக்கிறாள். படத்தின் ஓரத்தில் செம்மஞ்சள் கோடு ஒன்று விழுந்தது. மேலே மணல் தூவினமாதிரிப் புள்ளிகள். மூலையில் 98ஆம் ஆண்டுத் திகதி. அந்த அப்புக்கு மாதாமாதம் காசும் கட்டுகிறாளாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் செம்மஞ்சள் கோடு என் படங்களில் விழாமல் இருக்க மூன்று நாள் கமராவோடு மல்லுக்கட்டினவள் நான்.

தட்டில் இருக்கிற கமரா வேலை செய்யுது, அதைத் தொட விடமாட்டினம். கையில் இருக்கிற போன் நல்லாப் படம் எடுக்குது, அதைக் கெடுக்கக் காசு குடுக்கினம். இந்தக் கூத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் கோபமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்னிடம் இருப்பது ஒலிம்பஸ் ட்ரிப் 35. ஜப்பானில் 1967இலிருந்து 1984 வரை செய்த கமரா. பயணம் போகிறவர்களுக்காக, படமெடுக்கத் தெரியாதவர்களுக்காகச் செய்தது. பெயரிலேயே இருக்கு. லென்ஸைச் சுற்றிக் குமிழ் குமிழாக ஒரு வளையம். அதுக்குப் பின்னால் செலினியம். வெளிச்சம் பட்டால் செலினியம் துளி மின்சாரம் தரும். அந்த மின்சாரம் ஒரு ஊசியை அசைக்கும். ஊசி நிற்கிற இடத்தைப் பொறுத்து லென்ஸின் துவாரம் கூடும் குறையும். ஷட்டருக்கு இரண்டே வேகம்: 1/40 செக்கன், 1/200 செக்கன். வெளிச்சம் போதாவிட்டால் பார்க்கிற கண்ணாடிக்குள் ஒரு சிவப்புத் தகடு எழும்பும், பட்டன் அடிபடாது. தூரத்துக்கு நாலு சின்னப் படம் கீறியிருக்கும்: ஒரு ஆள், இரண்டு ஆள், மூன்று ஆள், மலை. அவ்வளவுதான். பற்றரி கிடையாது.

இந்த 'பற்றரி கிடையாது' எண்டதை எங்கட ஊரில் இருந்து வாசிக்க வேணும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் வடக்குக்கு வரவிடாமல் மறித்த சாமான்களில் பற்றரியும் ஒன்று. றேடியோவில் செய்தி கேட்கச் சனம் சைக்கிளைக் கவிட்டு வைத்து டைனமோ சுத்தினது. ஜாம் போத்தலுக்குள் துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தது. மோட்டார் சைக்கிளைத் துளிப் பெற்றோல் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டியது. அந்தக் காலத்தில் பற்றரி கேட்காத ஒரு கமரா வீட்டில் இருந்தது சின்ன விஷயம் இல்லை.

கமரா பெரியமாமாவுடையது. லண்டனில் இருந்து வந்த சொந்தக்காரர் 1979இல் கொடுத்ததாம். பின்கதவைத் திறந்து, பிலிமை அமத்திப் பிடிக்கிற தகட்டைக் கழட்டினால் அதன் முதுகில் செய்த ஆண்டும் மாதமும் குறியீடாக அடித்திருக்கும். இதில் ஆண்டுக்கான இலக்கம் 8. அதாவது 1978. கதை பொருந்துது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டிக்குள் இருந்து தென்மராட்சி போய், அடுத்த வருஷம் அதே பெட்டிக்குள் திரும்பி வந்தது. பெரியமாமா 1996இல் காணாமல் ஆக்கப்பட்டார். அதுக்குப் பிறகு பெட்டியை ஒருத்தரும் திறக்கவில்லை.

நான் திறந்தபோது நிலைமை இது: வெயிலுக்குக் காட்டினால் ஷட்டர் அடித்தது, லென்ஸைக் கையால் பொத்தினால் சிவப்புத் தகடு எழும்பியது. ஆக, செலினியத்துக்கு இன்னும் உயிர் இருந்தது. இத்தனை வருஷம் இருட்டுக்குள் உறைக்குள்ளேயே கிடந்ததுதான் காரணம் எண்டு நினைக்கிறேன். ஆனால் துவாரத்தைத் திறந்து மூடுகிற இரண்டு மெல்லிய தகடும் எண்ணெய் பிடித்து ஒட்டிப்போயிருந்தன. முன் லென்ஸின் உள்பக்கம் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சணம். பின்கதவு இடுக்கில் வெளிச்சம் போகாமல் அடைக்கிற பஞ்சு கறுத்த பசையாக உருகி விரலில் ஒட்டியது. மேலே சொன்ன செம்மஞ்சள் கோடு வருவது இந்த இடுக்கால்தான்.

இரண்டு கடைக்குக் கொண்டுபோனேன். முதல் கடையில், "உதுக்குப் பார்ட்ஸ் இல்லை, எறியுங்கோ." இரண்டாவது கடையில், "வடிவான சாமான், ஷோவுக்கு வையுங்கோ." ஒருத்தரும் திறந்து பார்க்கவே இல்லை. கடைசியில் சந்தைப் பக்கம் மணிக்கூடு திருத்துகிற ஒரு ஐயாவிடம் போனேன். அவர் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்து ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குக் கமரா தெரியாது பிள்ளை. ஆனா திருகாணி எல்லாம் திருகாணிதான். இரு."

அவர் சொல்லித்தந்தது நாலே விஷயம். வெள்ளைத் துணி விரித்து வேலை செய். கழட்டின திருகாணியைக் கழட்டின ஒழுங்கிலேயே காகிதத்தில் ஒட்டு. பலவந்தம் பண்ணாதே. கழட்ட முதல் அடையாளம் வை.

முதல் மூன்றையும் கேட்டேன். நாலாவதைக் கேட்கவில்லை. தூர வளையத்தில் இருக்கிற மூன்று பொடித் திருகாணியைத் தளர்த்தி, வளையத்தை எடுத்து, முன் லென்ஸைச் சுழற்றிக் கழட்டினேன். தகடுகளில் லைட்டர் எண்ணெய் துளித் துளியாக விட்டுத் துடைத்து, அசைத்து, திரும்ப விட்டு, நாலாம் தடவை தகடுகள் தாமாக விழுந்து எழும்பின. பூஞ்சணம் துடைபட்டது, ஒரு மூலையில் மட்டும் கண்ணாடியை அரித்த தழும்பு இருக்கு. பின்கதவுக்குத் தையல்கடையில் வாங்கின கறுப்பு வெல்வெட்டும், இடுக்குக்குள் கறுப்புக் கம்பளி நூலும். எல்லாம் சேர்த்து 1,500 ரூபாவுக்குள் முடிந்தது. திரும்பப் பூட்டி ஒரு றோல் எடுத்தேன். 36 படமும் மங்கல். முன் லென்ஸ் எந்தப் புரியில் ஏறியிருந்தது எண்டு அடையாளம் வைக்காமல் கழட்டினதால் கமராவின் 'மலை' மலையில் இல்லை. மூன்று நிலையில் வைத்து, ஒவ்வொன்றையும் கொப்பியில் குறித்து, ஒரே கோயில் கோபுரத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துத்தான் சரியான இடத்தைப் பிடித்தேன். இன்னொரு அரை றோல் அதுக்கே போனது.

இதை விரித்துச் சொல்லுகிறதுக்குக் காரணம் இருக்கு. "திருத்த ஏலாது" எண்டு எங்களிடம் சொல்லுகிறவர்களில் கனபேர் திறந்து பார்க்காதவர்கள். டைனமோவில் றேடியோ ஓட்டின சனத்தின் பிள்ளைகள் நாங்கள். அது பெருமைக்குச் சொல்லுகிற கதை இல்லை. வேற வழி இல்லாமல் செய்தது, அப்படியொரு காலம் திரும்ப வரவே கூடாது. ஆனால் அந்தக் கையில் இருந்த அறிவு இப்போதும் சந்தையில் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் இருக்கு. அதைத் தேடிப் போகாமல் "அந்தக் காலத்து ஆக்கள் கெட்டிக்காரர்" எண்டு ஸ்டேட்டஸ் போடுகிறது சும்மா வாய்ப்பேச்சு.

இனி, பிலிம் பிடிக்கிற என் சொந்தக் கட்சிக்காரரோடு சண்டை.

"பிலிமில் எடுத்தால்தான் கலை, 36 படம் மட்டும் எண்டதால் யோசித்து எடுப்போம்." யோசிக்கிறதுக்குப் பிலிம் தேவையில்லை. போனிலும் யோசித்து எடுக்கலாம், பிலிமிலும் யோசிக்காமல் எடுக்கலாம். என் முதல் மூன்று றோலைப் பார்த்தால் தெரியும். இரவில் என் போன் எடுக்கிற படத்தை இந்தக் கமரா கனவிலும் எடுக்காது. சிவப்புத் தகட்டை எழுப்பிவிட்டுச் சும்மா இருக்கும்.

"பிலிமின் நிறமே வேற." வேறதான். ஆனால் நீங்கள் இன்ஸ்டகிராமில் காட்டுகிற நிறத்தில் பாதி ஸ்கான் செய்த இயந்திரத்தின் முடிவு. அந்த நிறத்துக்காக மட்டும் எண்டால் அந்தப் பிள்ளையின் அப்பே போதும், மலிவும் கூட.

எதிர்க்கட்சி ஒரு நியாயமான கேள்வி கேட்கிறது: "காசு?" உண்மைதான். 2022இல் ரூபா விழுந்த பிறகு றோல் விலை எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. ஒரு கலர் றோலும் கழுவுகிற செலவும் சேர்ந்தால் இங்கே ஒரு நாள் கூலி போய்விடும். இதை மறைத்துப் 'பிலிம் எல்லாருக்கும்' எண்டு எழுதினால் அது பொய். ஆனால் எல்லாரும் தனித்தனியாக ஒவ்வொரு கமரா வைத்திருக்க வேணும் எண்டு ஆர் சொன்னது? நாங்கள் ஐந்து பேர் ஒரு கமரா, மாதம் ஒரு றோல். ஆளுக்கு ஏழு படம், மிஞ்சுகிற ஒன்று எல்லாரும் சேர்ந்து நிற்கிற படம். கறுப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறோம். இரவில் குளியலறைக் கதவுக்குக் கீழே துவாயை அடைத்தால் இருட்டறை. மருந்துக்கு 20 பாகை வேணும் எண்டு பெட்டியில் போட்டிருக்கு, எங்கட குழாய்த் தண்ணி 28க்குக் குறையாது, அதனால் பேசினுக்குள் ஐஸ் கட்டி. எங்கட கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருகிறது. கேத்திலில் படிகிற அதே வெள்ளை பிலிமிலும் படியும். கராஜில் விற்கிற பற்றரித் தண்ணியால் கடைசியாக அலசினால் அந்தப் பிரச்சினை தீரும். பாவித்து முடித்த பிக்ஸரில் வெள்ளி கரைந்திருக்கும். அதைக் கிணற்றடியில் ஊற்றாதேங்கோ. இந்தக் குடாநாட்டில் நிலத்தில் ஊற்றுகிற எல்லாம் நாங்கள் குடிக்கிற தண்ணிக்குத்தான் போகும். நாங்கள் மூடின கானில் சேர்த்து வைக்கிறோம்.

இவ்வளவு கஷ்டம் ஏன்? பதில் அந்தச் செம்மஞ்சள் கோட்டிலும் இல்லை, நிறத்திலும் இல்லை. நெகட்டிவில் இருக்கு.

பெரியமாமாவின் ஒரே ஒரு படம்தான் எங்கள் வீட்டில் உண்டு. காணி உறுதியோடு அம்மம்மாவின் பையில் இருந்ததால் தப்பியது. அல்பங்கள் வீட்டோடு போய்விட்டன. படம் பேர்ஸுக்குள் வைக்கிற அளவு. நிறம் வெளிறி முகம் ரோஸாகிவிட்டது. மூக்குக்கு மேலே ஒரு மடிப்பு. அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட வேணும் எண்டு அம்மம்மாவுக்கு வருஷக்கணக்கில் ஆசை. அந்தப் படத்தைக் கழுவிக் கொடுத்த ஸ்ரூடியோ சண்டைக் காலம் முழுக்கத் தாக்குப்பிடித்த ஸ்ரூடியோ. நெகட்டிவை அங்கேயே விட்டு வைப்பதுதான் அப்போது வழக்கமாம். போய்க் கேட்டோம். இப்போது நடத்துகிற மகன் நல்ல மனிசன், மறைக்கவில்லை. "டிஜிற்றலுக்கு மாறினபோது பெட்டி பெட்டியாக இடத்தை அடைச்சுக்கொண்டு கிடந்தது. ஒருத்தரும் கேட்டு வரேல்லை. எரிச்சிட்டம்."

குண்டுக்குத் தப்பினது, இடப்பெயர்வுக்குத் தப்பினது, சமாதான காலத்தில் இடம் காணாமல் எரிந்தது. அவரில் மட்டும் பிழை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருத்தரும் கேட்டு வரேல்லை எண்டாரே, அந்த ஒருத்தரில் நாங்களும் அடக்கம்.

கனடாவில் இருக்கிற மச்சான் உதவிக்கு வந்தான். சின்னப் படத்தைப் போனில் எடுத்து, செயற்கை நுண்ணறிவு அப் ஒன்றில் போட்டு, பத்து நிமிஷத்தில் பெரிய படம் அனுப்பினான். மடிப்பு இல்லை. கண் பளபளக்குது. தோல் விளம்பரத்தில் வருகிற ஆளின் தோல். எல்லாரும் "ஆஹா" எண்டோம். அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

"ஆரடா இது? வடிவாத்தான் இருக்கிறான். ஆனா என்ர பெடியன் இல்லை."

அவ சொன்னது சரி. அந்தச் சின்னப் பிரின்ற்றில் இல்லாத விபரத்தை அப் எங்கிருந்து எடுக்கும்? உலகத்தில் உள்ள வேறு முகங்களைப் பார்த்துப் படித்ததை வைத்து, 'இப்படித்தான் இருக்கும்' எண்டு ஊகித்து நிரப்பும். அந்தக் கண் பெரியமாமாவின் கண் இல்லை. நெகட்டிவ் இருந்திருந்தால் ஊகம் தேவைப்பட்டிருக்காது. 24க்கு 36 மில்லிமீற்றர் துண்டுதான், ஆனால் பேர்ஸ் அளவுப் பிரின்ற்றில் வராத எவ்வளவோ அதில் இருந்திருக்கும். அவரது முகத்தில் பட்டுத் திரும்பின வெளிச்சம் நேரே விழுந்த துண்டு அது.

2017இல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் தாய்மார் இருக்கத் தொடங்கினார்கள். அவர்கள் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிற படங்களை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கோ. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கினது, கலியாணக் கூட்டத்தில் இருந்து தலையை மட்டும் வெட்டி எடுத்தது, போட்டோக் கொப்பி. ஒரு பிள்ளை இருந்தான் எண்டதுக்கு அந்தத் தாயிடம் இருக்கிற சாட்சி அது. இந்த மண்ணில் இருந்துகொண்டு பிலிமை ஒரு 'லுக்' எண்டு மட்டும் பார்க்க எனக்கு மனம் வராது.

இப்ப என் கோபம் எங்கே போகுது எண்டு விளங்கும். பிலிமில் எடுக்கிற எங்கட பெடி பெட்டையளிடம் கேட்டுப் பார்த்தேன்: "நெகட்டிவ் எங்கே?" பாதிப்பேருக்கு மேல், "லாப்பில ஸ்கான் மட்டும் மெயில் பண்ணச் சொன்னனான்." நானும் முதல் கலர் றோலை அப்படித்தான் கொழும்புக்கு அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது நெகட்டிவை வீசிவிட்டதாகச் சொன்னார்கள். நாங்கள் கேட்காவிட்டால் அதுதான் அவர்களின் வழக்கமாம். விலை கூடின பொருளை வாங்கி, அதில் நிலைத்து நிற்கக்கூடிய ஒரே பகுதியைக் குப்பைக்குக் கொடுத்து, மிச்சமாக ஒரு சின்ன ஜேபெக்கை வைத்துக்கொண்டு 'அனலொக்' எண்டு கொண்டாடுகிறோம். அதற்குப் போனிலேயே எடுத்திருக்கலாம்.

"நெகட்டிவும் அழியும்தானே?" அழியும். எங்கட ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய அசிற்றேற் பிலிம் கெடத் தொடங்கினால் வினாகிரி மணக்கும். டிஜிற்றலை நாலு இடத்தில் பிரதி வைக்கலாம், அதுவும் சரி. ஆனால் நீங்கள் பத்து வருஷத்துக்கு முன்னர் போனில் எடுத்த படங்கள் இப்போது எங்கே? அந்தப் போன் எங்கே? எதுவும் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால்தான் இருக்கும். ஸ்கான் செய்து பிரதி வையுங்கோ, நெகட்டிவையும் வையுங்கோ. ஒன்றைக் காட்டி மற்றதை வீசாதேங்கோ.

ஆகவே, கேட்கிறது இதுதான்.

வீட்டு அலுமாரிக்கு மேலே கமரா இருந்தால் கீழே இறக்குங்கோ. முதலில் உள்ளே றோல் இருக்கா எண்டு பாருங்கோ, இருந்தால் கதவைத் திறக்காதேங்கோ. மணிக்கூடு திருத்துகிறவரிடம் போங்கோ. அடையாளம் வைத்துக் கழட்டுங்கோ, என்னைப் போல் 36 படத்தைப் பறிகொடுக்காதேங்கோ. றோலைக் கொடுக்கும்போது "நெகட்டிவ் திருப்பி வேணும்" எண்டு பில்லிலேயே எழுதுவியுங்கோ. கபே வைத்திருக்கிறவர்களே, தட்டில் இருக்கிற ஐந்தில் ஒன்றையாவது இறக்கிப் பெடியளுக்கு இரவல் கொடுங்கோ. தூசி துடைக்கிற வேலையும் குறையும்.

கடைசியாக, முக்கியமானது. உங்கள் ஊரில் ஒரு பழைய ஸ்ரூடியோ மூடப் போகிறதா, மூடிவிட்டதா? இந்தக் கிழமையே போய்க் கதையுங்கோ. பெட்டிகளை எரிக்க முதல் கேளுங்கோ. பாண்டிச்சேரியில் இருக்கிற பிரெஞ்சு நிறுவனத்தில் தமிழ்நாட்டு ஸ்ரூடியோக்களின் பழைய படங்களைத் தேடிச் சேர்த்து மின்னாக்கம் செய்தார்கள். எங்களிடம் 2005இலிருந்து புத்தகங்களையும் பத்திரிகைகளையும் மின்னாக்கி வருகிற நூலகம் இருக்கு. ஸ்ரூடியோப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகத்தான் ஆள் இல்லை. அந்த ஆள் நாங்களாக இருக்கலாம். முகம் தெரியாத சனத்தின் கலியாணமும் சாமத்தியவீடும் பாஸ்போட் படமும்தான் அதுக்குள்ள இருக்கும். அதில் ஒன்று ஏதோ ஒரு அம்மம்மா இருபது முப்பது வருஷமாகத் தேடுகிற முகமாக இருக்கும்.

போன மாத றோலில் என் பங்கு ஏழு படத்தில் மூன்றை அம்மம்மாவுக்குச் செலவழித்தேன். முற்றத்தில், பின்னேர வெயிலில், தூரம் 'ஒரு ஆள்' சின்னத்தில். இரண்டில் கண்ணை மூடிவிட்டா. மூன்றாவது வந்திருக்கு. கமராவைக் கையில் வாங்கி, லீவரை ஒருக்கால் இழுத்துப் பார்த்து, "அவன் இழுக்கேக்கையும் இந்தச் சத்தம்தான்" எண்டா. நெகட்டிவை ஆறு ஆறு படமாக வெட்டி, உறைக்குள் போட்டு, சிலிக்கா ஜெல் இரண்டு பையோடு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்திருக்கிறேன். ரின் இருப்பது காணி உறுதி இருக்கிற அதே பெட்டியில். வீட்டில் எல்லாருக்கும் இடம் காட்டிவிட்டேன்.